நொடிக்கு முப்பது

முட்டியை லேசாக மடக்குங்கள் பவளம் ஆன்ட்டி, என்கிறாள் ஹுய் ஷான்.
விறைத்து நின்றால் அதிர்வு நேரே மண்டைக்கு ஏறும்.
எனக்குத் தெரியும் என்று சொல்லவில்லை.

பாயான் லெப்பாஸில்
பத்தொன்பது வருஷம் என் வேலையே இதுதான்.
உள்ளங்கை அகல ஹார்ட் டிஸ்க்குகளை
எட்டெட்டாக ஆட்டுமேடையில் வைத்து
திருகு முடுக்கி
கதவைச் சாத்திப் பொத்தானை அழுத்துவேன்.
இருபது நிமிஷம்.
உடைந்தால் சிவப்பு. உடையாவிட்டால் பச்சை.
பச்சை ஒட்டியது கப்பலேறி எந்த ஊருக்கோ போய்
யாருடைய கல்யாணப் படங்களையோ
பத்திரமாக வைத்திருக்கும்.

என்னை யாரும் திருகு போட்டு முடுக்கவில்லை.
கம்பியைப் பிடிக்கலாம், பிடிக்காமலும் நிற்கலாம்.

சித்திரையில்
சௌராஸ்தா மார்க்கெட் மீன்கடைத் தண்ணீரில் வழுக்கிக்
கையை ஊன்றினேன்.
சின்னச் சத்தம்தான்,
அப்பளத்தின் ஓரம் ஒடிவதுபோல.
கெம்போங் மீன் பை கிழியவில்லை,
மணிக்கட்டு இரண்டாகிவிட்டது.
ஸ்கேன் எடுத்த பையன் தாளை நீட்டினான்:
மைனஸ் இரண்டு புள்ளி ஆறு.
எங்கள் லைனில் இப்படி வந்தால்
ட்ரேயோடு திருப்பி அனுப்புவோம்.

யாருக்கு அனுப்புவது?

பொத்தானை அழுத்துகிறாள்.
குதிகாலில் தொடங்குகிறது.
கெண்டைச் சதை இறுகுகிறது, விடுகிறது, இறுகுகிறது,
என்னைக் கேட்காமலே.
தொடை. இடுப்பு.
பேசினால் குரல்
தகர டப்பாவில் போட்ட கூழாங்கல்.

எவ்வளவு வைத்திருக்கிறாய்?
முப்பது ஹெர்ட்ஸ்.
நொடிக்கு முப்பது.
நான் கடைசியாகப் பார்த்த மாடல்
நாற்பத்தேழில் கதறும்.
அதற்கு மேலே கீழே எவ்வளவு ஆட்டினாலும்
கம்மென்று இருக்கும்.
ஒவ்வொரு பொருளுக்கும் அப்படி ஓர் எண் உண்டு பெண்ணே,
என் எண் எது?

சிரித்தாள். பிறகு சிரிக்காமல் சொன்னாள்:
எலும்பு கெட்டியாகும் என்று சத்தியம் செய்யமாட்டேன்.
ஓர் ஆய்வு ஆகும் என்கிறது,
இன்னொன்று தெரியாது என்கிறது.
மாத்திரையை நிறுத்தாதீர்கள்.
கால் பலப்படும், தடுமாற்றம் குறையும்,
அதற்குக் கேரண்டி. கொஞ்சம்.

கொஞ்சம் கேரண்டி.
எத்தனை லட்சம் பெட்டிக்குச் சீட்டு ஒட்டியிருப்பேன்,
இவ்வளவு நேர்மையாக ஒன்றுகூட இல்லை.

சைக்கிள் மிதிக்கும் ஜம்ஹாரி
இந்த மேடைப் பக்கமே வரமாட்டார்.
ஈப்போவுக்கும் பட்டர்வொர்த்துக்கும் லாரி ஓட்டியவர்.
இருக்கை ஆட்டி ஆட்டித்தான் முதுகு போனது,
காசு கொடுத்து மறுபடியும் ஆடவா? என்பார்.
அவர் சொல்வதும் சரி.
நாள் முழுக்க என்றால் நோய்,
பத்து நிமிஷம் என்றால் மருந்து.
உப்பு மாதிரி.
ரசத்தில் ஒரு சிட்டிகைக்கும்
கடலில் விழுவதற்கும் உள்ள தூரம்.

நின்றுவிட்டது.
தரை மட்டும் இன்னும் கொஞ்ச நேரம்
உள்ளங்காலில் முனகிக்கொண்டிருக்கிறது.
மூக்கு நுனி அரிக்கிறது, எப்போதும்போல.

இருபத்தோராவது தடவை இது.
போன வெள்ளிக்கிழமை வாசலில்
ஒற்றைக் காலில் நின்று செருப்பை மாட்டினேன்.
மாட்டிய பிறகுதான் பார்த்தேன்,
சுவர் எட்டி இருந்தது.
யாரிடமும் சொல்லவில்லை.
சொல்ல அது என்ன பெரிய விஷயம்.
இறங்கிப் போய் மறுபடி ஏறி வந்து
மற்றக் காலுக்கும் செய்து பார்த்தேன்.

ஜாலான் பர்மாவில் பஸ்.
நின்றபடியே உறுமுகிறது,
கைப்பிடி, ஜன்னல், என் கடைவாய்ப் பல் எல்லாம் நடுங்க.
இது எத்தனை ஹெர்ட்ஸ் என்று காது கணக்குப் போடுகிறது.
இருபத்திரண்டு இருக்கும். இலவசம்.
பள்ளிச் சட்டையில் ஒரு பையன் எழுந்து இடம் தந்தான்.
இருக்கட்டும் தம்பி, நிற்கிறேன்.

கொம்தார் வளைவில் டிரைவர் பிரேக்கை மிதித்தான்.
கை கம்பியைப் பிடித்தது. கால் நின்றது.
எது முந்தியது என்று பார்க்கவில்லை.
பார்த்திருக்கலாம்.

இறங்கினேன்.
மார்க்கெட்டில் தரை ஈரமாகத்தான் இருக்கும்.
கெம்போங் விலை குறைந்திருந்தால்
ஒரு கிலோ.