கல்லுக்கு எந்தத் திணை

ஜெகதேவி சாலையில் எங்கள் பட்டறைக்கு
கனடாவிலிருந்து ஒரு கல்லறைக் கல் ஆர்டர்.
கறுப்பு, முப்பதுக்கு இருபது அங்குலம், ஓரம் மெருகிடாமல்.
எழுத்து நான்தான் போடுவேன். பதினாலு வருடம்.
அர்த்தம் தெரிந்து வெட்டியது குறைவு.
ஜெர்மனோ போலிஷோ, புள்ளி மாறாமல் ஸ்டென்சில் எடுத்து
மணல் வீசினால் என் வேலை முடிந்தது.

இந்தக் கோப்பில் ஒரு சொல்லின் நடுவே
உயரத்தில் ஒரு காற்புள்ளி தொங்கியது.
தூசி என்று அழித்துவிட்டேன்.
மாதிரிப் படம் போன அன்று இரவே பதில்:
"அது எழுத்து. தொண்டை ஒரு கணம் மூடித் திறக்கும் ஓசை.
அது இல்லாமல் உன்மேல் பிரியம் என்று
என் அம்மாவிடம் நான் சொல்ல முடியாது."

கிஸாகி’இன்.
கம்ப்ரசர் நின்ற நேரம் பார்த்துச் சொல்லிப் பார்த்தேன்.
விக்கல் மாதிரி வந்தது.
எங்களிடமும் ஒன்று உண்டு, மூன்று புள்ளி.
எஃகு, அஃது என்று ஒப்பித்ததோடு சரி.

மன்னிப்புக் கேட்டேன். இது என்ன மொழி என்றும் கேட்டேன்.
அனிஷினாபெமோவின், என்று எழுதினாள் டெனீஸ்.
எனக்கும் தெரியாது. அம்மாவுக்குத் தெரியும்.
பள்ளிக்கூடத்தில் அடித்த அடியில்
என்னிடம் ஒரு சொல்கூடப் பேசாமலே இருந்துவிட்டாள்.
ஐம்பத்திரண்டு வயதில் இப்போதுதான் சேர்ந்திருக்கிறேன்,
செவ்வாய் சாயங்காலம் ஏழு மணி.
வருகிறாயா?

அவளுக்குச் செவ்வாய் ஏழு, எனக்குப் புதன் விடிகாலை நாலரை.
மாடிப்படியில் உட்கார்ந்து, காதில் ஒயர்,
கீழே பால்வண்டி.
பதினொரு சதுரங்கள் "ஆனீன்" என்று சத்தமாக வணங்க
பன்னிரண்டாவது சதுரம் கிசுகிசுத்தது.
வீட்டில் தூங்குகிறார்கள்.

கேட்பவரைச் சேர்த்தால் கீனவின்ட்,
விட்டுவிட்டால் நீனவின்ட்.
எல்லோரும் தலையைச் சொறிந்தார்கள்.
தெருவில் நாம், நாங்கள்; வீட்டில் தெலுங்கு, மனம், மேம்.
அன்று ஒருநாள் மட்டும் வகுப்பில் நானே முதல்.

அடுத்த வாரமே விழுந்தேன்.
அசின் என்றால் கல்.
(சினிமாப் பேர் மாதிரி இருக்கே, என்றார் கிரேன் கெம்பண்ணன்.)
கல்லைப் பார்க்கிறேன் என்று சொல்லச் சொன்னார்கள்.
நிவாபந்தான், என்றேன்.
இல்லை. நிவாபமா.
கல் அங்கே உயிருள்ள பக்கம், வினையே மாறிவிடுகிறது.
ராஸ்பெர்ரி உயிர்ப்பக்கம், ஸ்ட்ராபெர்ரி இல்லை.
மாம்பழம்? என்று கேட்டேன்.
ஆசிரியர் சிரித்தார். தெரிந்தவர்களைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார்.
இங்கே பெங்களூரா இறங்கி, கூழ் ஆலைக்கும் போய்விட்டது,
இன்னும் சொல்லவில்லை.
"இது இலக்கணம், அவசரப்பட்டுக் கவிதையாக்க வேண்டாம்"
என்பதை மட்டும் இரண்டு முறை சொன்னார்.

சரி, ஆக்கவில்லை.
ஆனால் என் பேச்சைத் திருப்பிப் பார்க்க வேண்டியிருந்தது.
அழுகிற குழந்தை அது.
வாசல் நாய் அது.
ஏரிக்கரை நடுகல் சேவல் அறுக்கிற அன்றைக்குச் சாமி,
மறுநாள் அது.
என் பெரியம்மா போன நிமிடம்,
அதுவரை வந்தாங்க, சாப்பிட்டாங்க என்றவர்கள்
எப்ப எடுக்கிறீங்க என்றார்கள்.

கல் தயார்.
காற்புள்ளி அதன் உயரத்தில், நகம் நுழையும் பள்ளம்.
இரண்டு முறை விரலை வைத்துப் பார்த்தேன்.
கெம்பண்ணன் லீவரை இழுத்தார்.
பட்டை இறுகி, கல் மெல்லத் திரும்பி,
வெயில் அதன் முகத்தில் ஓட ஓட
மரப்பெட்டிப் பக்கம் நகர்ந்தது.
அவர் கத்தினார், தினமும் கத்துவதுதான்:
"வர்றான், வர்றான்! ஒதுங்கு!"

ஒதுங்கினேன்.
பதினாலு வருடமாக ஒதுங்குகிறேன்.