பக்கவாட்டுத் தோற்றம்

குன்னூர், இரவு எட்டரை.
மஞ்சு இறங்கி
பெட்போர்டு விளக்குகளை ஒவ்வொன்றாய் விழுங்குகிறது.
கோவையிலிருந்து வந்த சிடியில்
ஹாலபோஜன், ஐம்பத்தாறு, லாரி டிரைவர்.
கணையத்தின் தலையில் இரண்டரை சென்டிமீட்டர்.
வெள்ளிக்கிழமை ஆபரேஷன்.

கட்டியைப் பற்றி எல்லாம் எழுதிவிட்டார்கள்.
கட்டியை யாரும் தவறவிடுவதில்லை.

நான் படத்தைத் திருப்புகிறேன்.
விலாப்பக்கமிருந்து பார்க்க வேண்டும் இதை.
உதரவிதானத்தின் நார்ப்பட்டை மேலிருந்து அழுத்த
சீலியாக் தமனி
தூண்டில் முள்ளாய் வளைந்து கிடக்கிறது.
மூச்சை விட்ட படத்தில் நூல்.
மூச்சை இழுத்த படத்திலும் நூல்தான்.

ஆனாலும் கல்லீரல் பட்டினி கிடக்கவில்லை.
கீழேயுள்ள தமனியிலிருந்து
கணையத்தைச் சுற்றிவரும் சின்னக் குழாய்கள்
புடைத்து, நெளிந்து,
எதிர்த்திசையில் ரத்தம் ஏற்றுகின்றன,
எத்தனை வருடமாகவோ,
யாரிடமும் சொல்லாமல்.
வெள்ளிக்கிழமை கட்டியோடு சேர்த்து
வெட்டப்போவது அவற்றைத்தான்.

காலையில் வந்தார். கேத்தி கேரட்டை
முப்பது வருடம் மேட்டுப்பாளையம் இறக்கியவர்.
"பர்லியாறுல மண் சரிஞ்சா
வண்டியெல்லாம் எந்த வழி வரும்?"
"கோத்தகிரி வழிதான் மேடம்.
அரவேணு தாண்டி ஊர்ந்து ஊர்ந்து வரும்.
எப்படியோ ஊட்டிக்கு அரிசி வந்துடும்."
"அந்த நேரம் பார்த்து
கோத்தகிரி ரோட்டையும் வெட்டிட்டா?"

அவர் என்னைப் பார்க்கவில்லை.
மஞ்சள் பூத்த நகங்களைப் பார்த்தார்.
"மொதல்ல மண்ண அள்ளணும்.
ஜேசிபி இருக்கா உங்ககிட்ட?"

டாக்டர் எபனேசருக்குப் போன் போட்டேன்.
முதலில் அந்த நாரை அறுங்கள்.
குழாயைக் கட்டும் முன்
கவ்வியால் பிடித்து நிறுத்தி
கல்லீரல் தமனியில் விரல் வையுங்கள்,
துடிக்கிறதா பாருங்கள்.
மறுமுனையில் ஏதோ டிராலி உருளும் சத்தம்.
"எழுத்துல குடுங்க" என்றார்.
பிறகு, "தேங்க்ஸ்."

எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று
அவர் கேட்கவில்லை. நல்லது.

மூன்று வருடம் முன்பு
இதே நாற்காலி, இதே ஹீட்டர் வாசனை.
வண்டிச்சோலை செல்லநாயகி, நாற்பத்தொன்பது.
கட்டியை அளந்தேன், நிணக்கணுக்களை எண்ணினேன்,
கடைசி வரியில்
'மற்றவை இயல்பு' என்று எழுதிவிட்டு
ஏழு மணி பஸ்ஸைப் பிடித்தேன்.
நான்காம் நாள் கல்லீரல் கருத்தது.
தையலில் தவறில்லை, கத்தியில் தவறில்லை
என்று பேசிக்கொண்டார்கள்.

அவள் சிடி என் இழுப்பறையில்தான் இருக்கிறது,
பென்சில் சீவிக்கும் தைலப் புட்டிக்கும் அடியில்.
ஒரே ஒருமுறை போட்டுப் பார்த்தேன்.
பக்கவாட்டில்.