எடைப் பேரேடு

தஹீபோ ஏர்லைன்ஸுக்கு மொத்தம் இரண்டு விமானங்கள்.
ஒன்று பறக்கும்.
மற்றது அதற்கு உதிரி தரும்.

யாரோ நடத்திய யுத்தம் முடிந்து
பழைய இரும்பு விலைக்கு வந்தவை.
வால் சக்கரத்தில் குந்தி, மூக்கை மட்டும் தூக்கி
பேனி சமவெளிப் புல்லில் நிற்கும்.
பசுக்கள்கூட வழிவிடாது.

எனக்கு வேலை எடை எழுத்தர்.
பெயர் கசில்டா.
ஒரு தராசு, ஒரு பேரேடு, காதில் பென்சில்.

இரவு இரண்டுக்கு அறுப்பு. நாலுக்கு ஏற்றல்.
சூடு ஆறாத கால்பாகங்களைத்
தகரத் தரையில் அடுக்குவோம்.
வெயில் ஏறுமுன் கிளம்பிவிட வேண்டும்:
வெயிலில் காற்று இளைக்கும்,
இளைத்த காற்று இறக்கையைத் தாங்காது.

அப்புறம் மலை.
விமானிகள் ரப்பர் குழாயைப் பல்லில் கடித்து
பிராணவாயு உறிஞ்சிக்கொண்டே
பனிமுடிகளுக்கு நடுவே ஒரு சந்து தேடுவார்கள்.
அந்தப் பக்கம் எல் ஆல்ட்டோவில் இறங்கும்போது
இறைச்சி விறைத்திருக்கும்.
"ஐஸ் பெட்டி எதற்கு, ஆண்டிஸ் சும்மா கிடக்கையில்?"
இது முதலாளி தோன் நெமேசியோவின் ஒரே நகைச்சுவை.
சம்பள நாளிலும் அதையே சொல்வார்.

திரும்பி வந்தவை:
வெங்காயம், சிமெண்ட், பீர்,
பல் வைத்தியரின் சுழல் நாற்காலி,
பள்ளிக்கூடத்துக்கு ஓர் உலகப்படம்.
கடலில்லாத எங்கள் ஊரில் அதை விரித்தால்
முக்கால்வாசி நீலம்.

ஆட்களையும் மாட்டுத் தராசில்தான் நிறுத்துவேன்.
டீச்சர் ஒட்டீலியா மார்ச்சில் ஐம்பத்தொன்று.
ஜூலையில் ஐம்பத்தாறு.
முள்ளைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.
வரிசையில் அவள் அண்ணன் நின்றான்.
ஐம்பத்தொன்று என்றே எழுதினேன்.
மிச்சம் ஐந்தை ஈரல் கணக்கில் சேர்த்தேன்.
மொத்தம் பிசகவில்லை.

கேப்டன் எவரிஸ்டோ மட்டும் தராசில் ஏறமாட்டார்.
"எண்பது போட்டுக்கொள்" என்பார்.
அவர் தொப்பையே எண்பது இருக்கும்.

ஓர் ஆகஸ்டில், தென்காற்று குளிர்ந்து வீசிய விடியலில்
முதலாளி இன்னும் நாலு கால்பாகம் ஏற்றச் சொன்னார்.
எழுதவேண்டாம் என்றார்.
நான் எழுதவில்லை.
அன்று முழுக்க ரேடியோ அருகே
எதையும் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் திரும்பிய எவரிஸ்டோ
படியில் இறங்கிக் கால்சட்டையைத் தட்டிக்கொண்டு
என்னிடம் மட்டும் சொன்னார்:
"நேற்று மலை ஒரு விரல் வளர்ந்திருந்தது, கசில்டா."

அதற்குப் பிறகு உப்புப் பொட்டலத்தையும் எழுதினேன்.
விமானியின் சாப்பாட்டு டப்பாவையும்.
ஏறிக்கொண்ட நாயையும்.

பிறகு ரோடு வந்தது.
லாரி மெதுவாகத்தான் போகும், கவிழவும் செய்யும்,
ஆனாலும் மலிவு.
உதிரி தந்த விமானம் முதலில் போயிற்று,
அதில் தர ஏதும் மிச்சமில்லை.
பறந்ததை வாங்க வந்தவன்
ரம்பத்தோடு வந்தான்.
துண்டு துண்டாக என் தராசில்தான் நிறுத்தான்.

நானும் பழக்கத்தில் கூட்டிக்கொண்டே வந்தேன்.
இறக்கை, கதவு, இருக்கைச் சட்டம்,
ஒன்றன்மேல் ஒன்றாக ஒன்பது பூச்சு பெயிண்ட்,
தரையிடுக்கில் உறைந்து கல்லான ரத்தம்.

ஏட்டில் அதன் வெற்று எடை என்று
முதல் நாளிலிருந்து நான் நம்பி எழுதியதைவிட
நூற்றுப் பதினொரு கிலோ கூடுதல்.

மூன்று தடவை கூட்டிப் பார்த்தேன்.

இருபத்தாறு வருஷம்
ஒவ்வொரு விடியலிலும் சரியாகக் கூட்டி
தவறாகத்தான் அனுப்பியிருக்கிறேன்.
அந்த நூற்றுப் பதினொன்றைத்
தூக்கிப்போனது யார்?

கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்தேன்.
பெயர் என்ற கட்டத்தைக்
காலியாக விட்டேன்.