கரியள்ளி

வில்ஹெல்ம்ஸ்ஹாஃபெனில் வியாழன் மாலை.
சைக்கிள் கடையின் பின்னறையில்
இரண்டு மேசையைச் சேர்த்தால் வடகடல்.
எந்தப் போர்க்கப்பலும்
என் சுண்டுவிரல் நீளம்கூட இல்லை.

முதல் சண்டை பெயருக்குத்தான்.
ஹென்னிங்குக்கு எப்போதும் ஷார்ன்ஹார்ஸ்ட்:
இரண்டு போரில் இரண்டு முறை மூழ்கிய பெயர்.
நாட்டின் பெயர் தாங்கிய ஒரு கப்பல்,
அது மூழ்கினால் நாடே மூழ்கியதாகுமே என்று
போர் நடக்கும்போதே பெயரை மாற்றினார்களாம்.
இதைச் சொல்லாமல்
அவன் ஓர் ஆட்டமும் தொடங்கியதில்லை.

மைக்கே புதியவள்.
பல் மருத்துவரிடம் வேலை,
பல் சுரண்டும் ஊசியால் பெயர் கீறுகிறாள்.
லென்ஸ் வைத்துப் படித்தோம்:
கரியள்ளி.

"அப்படி ஒரு தளபதி இல்லையே."
"இல்லைதான்."

மூன்றாம் சுற்று.
பத்துக் கப்பலும் முன்னேற வேண்டும்.
ஒன்பதை நகர்த்தினாள்.
பகடை உள்ளங்கையிலேயே இருந்தது.
"இது போகாது.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினெட்டு, அக்டோபர்.
இதோ, இந்தக் கழிமுகத்துக்கு வெளியே
சாகப் போகச் சொன்னபோது
கொதிகலன் நெருப்பை அணைத்தார்களே,
அவர்கள் பெயர்."

ஹென்னிங் விதிப்புத்தகத்தைப் புரட்டினான்.
பனிமூட்டத்துக்கு விதி இருந்தது.
டார்பிடோவுக்கு இருந்தது.
புகைக்கு மட்டும் ஒன்றரைப் பக்கம்.
மாட்டேன் என்பதற்கு
ஒரு வரி இல்லை.

பத்து மணிக்குள் ஒன்பதும் மூழ்கின.
என் பக்கத்தில் ஐந்து.
வென்றது யாரென்று
இன்னும் பேசி முடியவில்லை.

பெட்டியை மூடும்போது ஹென்னிங் சொன்னான்,
"அடுத்த வாரம் அதன் பெயரை மாற்றிவிடு."
கோட்டின் பொத்தானைப் போட்டபடி மைக்கே,
"மாற்றுகிறேன்.
போகாது."