மாத்தி

எங்கள் வீட்டில் ஐந்து தலைமுறையாய் ஒரு மாத்தி.
நான் கடைசி.
பள்ளியில் அழவைத்த பெயர்:
‘பேரை மாத்திச் சொல்லுடி!’
ஸ்காட்லாந்துக் குடும்பப் பெயர் என்றார் அப்பா,
ஆட்டுக்கறி வெட்டிக்கொண்டே. நம்பினேன்.

வால்டர் மகன் ஜார்ஜ், ஜார்ஜ் மகன் வால்டர்;
எந்த வால்டர் எந்தக் கல்லறையில் என்று பிரிக்கவே
ஒரு மழைக்காலம் போயிற்று.

ஆயிரத்து எண்ணூற்று எண்பத்தொன்று,
ஃபார்ஃபர் நகரக் கணக்கெடுப்பு.
ஜார்ஜ் கின்லாக், லினன் நெசவாளர்.
மனைவி, நான்கு பிள்ளைகள்,
கடைசி வரியில்
மாத்தி, அண்ணன் மகள், வயது ஒன்பது.
பிறந்த இடம்: இந்தியா.
அடுத்த கணக்கெடுப்பில் அந்த வரி இல்லை.
கப்பலேறிவிட்டாள்.

கோத்தகிரித் தேவாலயத்தில்
செல்லரித்த ஞானஸ்நானப் பதிவேடு.
தகப்பன்: வால்டர் கின்லாக், காப்பித் தோட்டம்.
தாய்: ஒரு கோடு.
மசி தீர்ந்து இழுபட்ட கோடு அல்ல,
அழுத்திப் போட்டது.

அவர்களுக்கு ஒரு முறை உண்டாம்,
மூத்த மகளுக்குத் தாயைப் பெற்றவள் பெயர்.
நம்மிலும் பேர் சுமப்பவள்தானே பேத்தி.

கட்டபெட்டு பஸ்ஸுக்கு நிற்கையில்
வெள்ளை முண்டு உடுத்திய படுகப் பெண்ணொருத்தி
‘மாதி!’ என்று கூப்பிட்டாள்.
முட்டைக்கோஸ் மூட்டையோடு ஒருத்தி திரும்பினாள்.
நானும் திரும்பினேன்.

வால்டர் முறை தவறவில்லை.
எழுதியவன் காதுதான்
ஒரு ‘த்’ கூட்டிக்கொண்டது.

பஸ் வந்தது. நான் ஏறவில்லை.
பதிவேட்டில்
கோடு அப்படியே இருக்கிறது.
கோட்டின் அம்மா பெயர் மட்டும்
எனக்குத் தெரியும்.