ஒற்றைச் சாளரம்

ஏழு மேசைகளை எடுத்துவிட்டு
ஒரே ஒரு சன்னல் வைத்தார்கள்.
எல்லாம் இங்கேயே, பதினைந்தே நாளில்
என்கிறது பலகை.
சன்னல் கடலைப் பார்த்துத் திறப்பது
ஒப்பந்தக்காரர் செய்த பிழை.
கச்சான் பிடித்த மூன்றாம் வாரம்
கொண்டியில் துரு ஏறி இறுகிவிட்டது.
சின்ன ஏர்வாடி சனம்
பின்வாசல் வழியே வருகிறது,
செருப்பைக் கழற்றிவிட்டு,
பழைய பயத்தோடு.

பொய் சொல்லக் கூடாது.
ஆறு மாதம் நடந்த கோப்பு
இப்போது ஆறு நாளில் வந்துவிடுகிறது.
சீனி உசேன் தேநீர் குடித்து முடிப்பதற்குள்
படகு உரிமம் அச்சாகிவிட்டது.
நம்பாமல்
வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

பிறகு நம்புத்தாய் வந்தாள்,
விரல்களில் சுற்றிய ஈரத்துணியை அவிழ்க்காமலே.
தொழில் என்ன என்றது திரை.
மீனவர். மீன் வியாபாரி. வலை பின்னுபவர்.
தீவோரம் மூச்சடக்கி
மரிக்கொழுந்துப் பாசி பறிப்பவளுக்கு
அதில் ஒரு சொல் இல்லை.
"எதையாச்சும் அமுக்கு தம்பி,
தண்ணி வத்துது, நான் போகணும்."
'இதர' என்று அமுக்கினேன்.

அன்று தொடங்கி
இருநூற்றுப் பன்னிரண்டு பெண்கள்
இதர.

நேற்று மேலிடத்திலிருந்து கடிதம்:
ஒரே ஊரில் இத்தனை இதரவா?
பதிவில் தவறு. சரிசெய்து மீள அனுப்புக.

தவறுதான் ஐயா.
ஆனால் பட்டியலில் ஒரு வரி சேர்க்கும் சாவி
உங்களிடம் அல்லவா இருக்கிறது.
என்னிடம் இருப்பது
கிண்ணத்தில் கொஞ்சம் தேங்காயெண்ணெய்,
அசைய மறுக்கும் இந்தக் கொண்டி.