பழைய கார்டு, முப்பத்திரண்டு ஜிபி

லாங்கு பஜார், இம்தியாஸ் பாய் கடையில்
செகண்ட் ஹேண்ட் போன் வாங்கினேன்.
உள்ளே ஒரு கார்டு.
அழிச்சுத் தரவாம்மா என்றார்.
இருக்கட்டும் பாய் என்றேன், ஏன் சொன்னேனோ.

ஆயிரத்து எண்பத்தேழு பாட்டு.
பெயர்கள் வாயில் நுழையவில்லை,
பாதிக்கு மேல் வெறும் எண்கள்.
இரண்டு அம்புகள் குறுக்கே பின்னிய ஒரு பொத்தான்,
அழுத்தினால் சீட்டுக்கட்டைக் கலைத்துப் போடுகிறது.
அழுத்தினேன். இன்றுவரை நிறுத்தவில்லை.

முதல் இரவு
விருதம்பட்டில் பஸ் ஏறியதும் ஒருவன் கத்தினான்.
யாரையோ வெட்டுகிறார்கள் என்று
காதிலிருந்து பிடுங்கினேன்.
பக்கத்து சீட்டில் பூக்காரம்மா கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தாள்.
பாலம். கீழே பாலாறு,
அதாவது மணலும் சீமைக்கருவேலமும்
யாரோ எரிக்கிற டயரும்.
மறுபடி மாட்டினேன்.
அவன் இன்னும் முடிக்கவில்லை.
ஆனால் அந்தக் கத்தலுக்கு அடியில்
ஒரு கிடார் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது,
ஒரு பைசா தப்பாமல்.

எனக்கு ஸ்கேன் சென்டரில் இரவு ஷிஃப்ட்.
எம்.ஆர்.ஐ. அறை, கண்ணாடிக்கு இந்தப் பக்கம்.
வளையல், கொலுசு, அரைஞாண், ஜாக்கெட் ஊக்கு
கழற்றி வாங்குவது என் வேலை.
உடம்புல இரும்பு ஏதாவது இருக்கா
என்று ராத்திரிக்கு இருபது பேரைக் கேட்கிறேன்.

இதுக்குப் பேரு மெட்டல்க்கா,
என்றான் பாயின் மகன்.
மெட்டலா?
வாசலிலேயே எல்லோரிடமும் பிடுங்கி வைக்கிறவள்
காது நிறைய அதைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகிறேன்.

பதினாறு நிமிடத்துக்கு ஒன்று உண்டு:
காட்பாடி அவுட்டரில் நிற்கும் கூட்ஸ்.
கிளம்புமா கிளம்பாதா என்று தெரியாது.
அது அசைகிறபோது என் ஸ்டாப் வந்துவிடும்.

இன்னொன்று சத்தியமாகப் பம்பை.
எந்த நாட்டுக்காரனோ, காலால் அடிக்கிறான்.
குடியாத்தத்தில் சிரசு ஊர்வலம் வரும்போது
என் அத்தைமேல் ஏறுகிற அம்மன்
இதே குரலில்தான் எலுமிச்சம்பழம் கேட்கும்.

நூற்றெட்டு டிகிரி அடித்த மத்தியானம்
தூக்கம் வராமல் மொட்டைமாடி அறையில் கேட்டதைச்
சொல்லத் தெரியவில்லை.
தகரம் சூடேறி முனகுவது எது
பாட்டு எது என்று பிரியவில்லை.

நடுநடுவே வேறு ஏதேதோ.
தெர்மோடைனமிக்ஸ் வகுப்பு, முக்கால் மணி நேரம்,
கடைசி பெஞ்சில் யாரோ சிப்ஸ் தின்கிற சத்தத்தோடு.
பிறகு, நாற்பத்தொரு நொடி,
தகரக் கூரையில் மழை.
ஒரு பொம்பளை சிரிக்கிறாள்,
தட்டு விழுகிறது,
எனக்குத் தெரியாத பாஷையில்
யாரையோ மூன்று தரம் கூப்பிடுகிறாள்.
தேடினால் எடுத்துவிடலாம்.
தேடுவதில்லை.
மாசத்துக்கு ஒருமுறை, அதுவாக வரும்.
கூப்பிடப்பட்டவன் இந்தக் கார்டை ஏன் விட்டுப்போனான் என்று
அன்றைக்கு மட்டும் யோசிப்பேன்.

போன வியாழக்கிழமை
ஆம்பூர் ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிற தில்ஷாத்
மெஷினுக்குள் போகமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள்.
சத்தத்தை வெளியிலேயே கேட்டிருக்கிறாள்.
நான் சொன்னேன்:
கத்தத்தான் செய்யும். அதை விடு.
அடியில ஒண்ணு எண்ணிக்கிட்டே இருக்கும்,
அதைப் பிடிச்சுக்கோ.

இருபத்தைந்து நிமிடம்.
வெளியே வந்து கொலுசை மாட்டியபடி சொன்னாள்:
எங்க லைன்ல இதைவிட ஜாஸ்தி.
எண்ணினேன்க்கா. நடுவுல ஒரு இடத்துல
தையல் விட்டுடுச்சு.

அன்று விடியும் முன்
கதவுக்கு வெளியே போனைப் பிடித்து
மெஷினைப் பதிவு செய்து கார்டில் போட்டேன்.
ஆயிரத்து எண்பத்தெட்டு.

இன்னும் வரவில்லை.
வந்தும் இருக்கலாம்,
பாலத்தின்மேல் எங்கோ,
எனக்குத்தான் வித்தியாசம் தெரியாமல் போயிருக்கும்.